குரலும் சாதகமும்: ஈழத்து இசைக்கல்வி குறித்த ஒரு விமர்சன நோக்கு

ஈழத்துத் தமிழரிடையே இசைக்கல்வி பற்றி நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் எதனைப் பாடுவது என்ற வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பண்ணா இராகமா, தமிழ்ப் பாடலா தெலுங்குக் கீர்த்தனமா, செவ்விசையா நாட்டாரிசையா என்பன பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. எவ்வாறு பாடுவது, அதிலும் பாடுபவரின் உடலுக்கு ஊறு நேராவண்ணம் எவ்வாறு பாடுவது என்ற வினா அந்த அளவிற்குக் கவனிக்கப்படவில்லை. வீணையின் தந்தி அறுந்தால் வேறு தந்தி கட்டலாம். மிருதங்கத்தின் தோல் கிழிந்தால் மாற்றலாம். குரலுக்கு அத்தகைய மாற்றீடு இல்லை. ஆதலால் குரற்பயிற்சியை இசைக்கல்வியின் ஓரத்தில் வைக்காது, அதன் நடுவே வைத்து ஆராய்தல் வேண்டும்.

குரல் உடலிற் பிறப்பது என்னும் உணர்வு தமிழ் மரபிற்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்துப் பிறப்பியல், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி ஒலியாகும் முறையை விளக்குகின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாவது வயதில் அரங்கேறியதைக் கூறுவதோடு, ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோருக்கு வேண்டிய தகைமைகளையும் விரிக்கின்றது. மாணவரின் திறமைக்கு முன்பாக ஆசிரியரின் தகைமையைக் கேட்கும் இம்மரபு ஈண்டு நினைக்கத்தக்கது.

மேலைநாட்டில் இவ்வாராய்ச்சி ஒரு பாடலாசிரியராலேயே முன்னெடுக்கப்பட்டது. மனுவேல் கார்சியா என்பார் சிறு கண்ணாடியொன்றைத் தொண்டையின் உட்புறத்தே பிடித்து, பாடும்போது குரல்நாண்கள் இயங்குவதைத் தாமே கண்டு, அவ்வவதானிப்புக்களை 1855ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தின் முன் வைத்தார். குரல்வளையினுள் உள்ள இரு சிறு மடிப்புக்களே குரல்நாண்கள். ஐந்தரைக் கட்டைச் சுருதியிற் பாடும் பெண்ணொருவர் மத்திம தாயிச் சட்சத்தைப் பிடிக்கையில் அவை செக்கனுக்கு ஏறத்தாழ 208 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. தாரதாயிச் சட்சத்தில் இது 415 ஆகின்றது. மத்திம சட்சத்தை மட்டும் ஒரு மணிநேரம் இடைவிடாது பாடுவதாகக் கொண்டாலும், மோதல்களின் தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டிவிடும். சாதகம் என்ற சொல்லின் பின்னால் இத்துணை உடலுழைப்பு உண்டு என்பதை உணர்ந்தே பயிற்சியின் அளவும் முறையும் வகுக்கப்படல் வேண்டும்.

ஆயின் நடைமுறையில் நிலவும் நம்பிக்கை வேறு. பாடப்பாடத் தொண்டை உரமேறும், கரகரப்பு வந்தாலும் நிறுத்தாது பாடினால் அது தானே திறந்துகொள்ளும் என்பர். உரமேறுதல் என்ற உவமை உழைப்பாளியின் கையிலிருந்து பெறப்பட்டது. மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப்போவதால் அவனுக்கு நன்மையே உண்டாகின்றது. குரல்நாணும் ஓயாத உரசலினாற் காய்க்கத்தான் செய்கின்றது. நாணின் முன் மூன்றிலொரு பகுதியும் நடுப்பகுதியும் சந்திக்கும் இடத்தில், மோதல் மிகுதியாகத் தாக்கும் அவ்விடத்தில், இருபுறமும் சிறு தடிப்புக்கள் தோன்றுகின்றன. அவற்றால் நாண்கள் முற்றாக மூடமாட்டா. இடைவெளியூடாகக் காற்றுக் கசியும், குரல் கம்மும், மெல்லப் பாடவேண்டிய மேற்சுரங்கள் முதலில் அற்றுப்போகும். ஆகவே உரமெனப் போற்றப்படுவதே நோயாகின்றது. இதற்கு முதற் சிகிச்சை அறுவையன்று. பாடும் முறையையும் பேசும் முறையையும் திருத்தும் குரற்பயிற்சியே.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். பழைய வித்துவான்கள் விடியற்காலையில் மணிக்கணக்காகச் சாதகம் செய்தே பெரும் குரல் பெற்றனர் என்பது அம்மறுப்பு. அவர்களது உழைப்பு மறுக்கப்படற்பாலதன்று. எனினும் அதே பயிற்சியால் தொண்டை கெட்டு இடைநடுவில் விலகியோர் எத்தனை பேர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. கரை சேர்ந்தோரை மட்டும் எண்ணி ஓடத்தின் உறுதியைக் கணிப்பது முறையன்று. மேலும், அம்மரபின் நல்ல கூறுகளும் சரியாக விளங்கிக்கொள்ளப்படவில்லை. சரளி வரிசையை முதலில் விளம்ப காலத்திலும் பின்னரே மத்திம, துரித காலங்களிலும் பாடுவித்தல், ஒரே சுரத்தை அகாரத்தில் நீளப் பிடிப்பித்தல், மந்தரதாயி வரிசைகளைப் பழக்குதல் ஆகியன மூச்சையும் சுருதியையும் படிப்படியாக நிலைநிறுத்தும் அறிவார்ந்த முறைகள். பரீட்சைக்கு வேண்டிய உருப்படிகளின் தொகையை நிரப்பும் அவசரத்தில் விரைந்து கடக்கப்படுவன இவையே. எனவே குறை மரபினுடையது என்பதிலும் அது குறுக்கப்பட்ட முறையினுடையது என்பதே பொருந்தும்.

உச்சக்குரல் மீதான மோகத்திற்கும் வரலாறு உண்டு. ஒலிபெருக்கி பரவுவதற்கு முன் நாடக மேடையில் நின்றவர் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடவேண்டியிருந்தது. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சத் தாயிக் குரல் தமிழகத்தைப் போலவே ஈழத்து இரசிகரையும் ஆட்கொண்டது. அத்தேவை நீங்கிய பின்னரும் அளவுகோல் மாறவில்லை. மறுபுறம், 1984இல் மறைந்த எம். டி. இராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில் பாடித் தமக்கென ஓரிடம் பெற்றார். தமது குரலின் இயல்பையே தமது பாணியின் அடித்தளமாக அவர் ஆக்கிக்கொண்டமை ஆசிரியர் ஒவ்வொருவரும் சிந்திக்கவேண்டிய செய்தியாகும்.

பாடசாலை வகுப்பறையில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. சுருதிப்பெட்டி ஒன்று, மாணவர் பலர். ஐந்து கட்டையில் வகுப்பு முழுவதும் பாடும்போது சிறுமியர்க்கு அது இசைந்ததாயிருக்கும். குரல் உடையும் பருவத்து ஆண்பிள்ளைகளின் குரலோ ஏறத்தாழ ஒரு தாயி தாழ்ந்துவிடுகின்றது. அச்சுருதியில் அவர்கள் தாரதாயியை எட்ட முனைந்தால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தவேண்டும். ஒரு தாயி இறங்கிப் பாடினால் மந்தரம் ஒலியாது போகும். அவர்கள் "குரல் வளம் இல்லாதவர்" என்று ஒதுக்கப்பட்டு இசையை விட்டகலுகின்றனர். இல்லாதது குரலன்று, அவர்க்குரிய ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைச் சுருதியே. கேடு ஆசிரியரையும் விடுவதில்லை. நிறைந்த வகுப்பிற் பல பாடவேளை தொடர்ந்து உரத்துப் பேசியும் பாடியும் வரும் இசையாசிரியரின் குரலே முதலில் தேய்கின்றது.

கூத்து மரபு இவ்வகையில் ஒப்புநோக்கற்பாலது. மட்டக்களப்பில் அண்ணாவியார் சட்டங்கொடுத்தல் முதலாகச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகிய படிகளைக் கடந்து, பல மாதங்களின் பின்னரே கூத்தை அரங்கேற்றுவார். விடியவிடிய ஆடும் களரியில் கூத்தர் ஓரடி பாடப் பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். ஆட்டத்திற்கு ஊக்கமளிக்கும் இவ்வமைப்பு கூத்தரின் மூச்சுக்கும் குரலுக்கும் இடையிடையே ஓய்வும் அளிக்கின்றது. திறந்தவெளியில் உரத்துப் பாடும் கூத்தருக்கும் தொண்டைகட்டு வருவதுண்டு. ஆதலின் கூத்தை ஒரு பொற்காலமாகக் காட்டவேண்டியதில்லை. ஆயினும் பாடுதலும் ஓய்தலும் சேர்ந்ததே பாட்டு என்ற அறிவு அதன் அமைப்பிலேயே பதிந்துள்ளது. செவ்விசை வகுப்பறை அதனைக் கடன்வாங்கத் தயங்கவேண்டியதில்லை.

தொண்டைகட்டுக்கு வேர்க்கொம்பும் மிளகும் கற்கண்டும் கொடுப்பது வழக்கம். இவை தொண்டைக்கு இதமளிப்பன என்பதில் ஐயமில்லை. ஆனால் விழுங்கப்படுவது உணவுக்குழாய் வழியே செல்கின்றது. குரல்நாணை அது நேரே தொடுவதில்லை. நாணுக்கு வேண்டியவை போதிய நீரருந்தலும் ஓய்வுமே. மூன்று வாரங்களுக்கு மேலும் கரகரப்பு நீடிக்குமாயின் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். பரீட்சையோ அரங்கேற்றமோ அண்மிக்கின்றது என்பதற்காக அம்மாணவரைத் தொடர்ந்து பாடவைப்பது கற்பித்தலாகாது.

1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளால் இசைக்கல்விக்கு ஒழுங்கைத் தந்தது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இசைக்கு உயர்கல்வித் தகைமையைத் தேடித்தந்தது. இவ்விரு படிகளும் பெரிய சாதனைகள். இனி வேண்டப்படுவது மூன்றாவது படியாகும். இசையாசிரியராக வெளியேறும் ஒவ்வொருவரும் குரலுறுப்பின் அமைப்பையும் அதன் பருவ மாற்றங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். மாணவரின் சுருதியைத் தனித்தனியே கணித்து, ஆண்டுதோறும் மீளாய்வு செய்யும் வழக்கம் தோன்றவேண்டும். செயன்முறைப் பரீட்சையில் உருப்படிகளின் எண்ணிக்கைக்கு வழங்கும் மதிப்பில் ஒரு பகுதியேனும் வருத்தமின்றி ஒலிக்கும் குரலுக்கு வழங்கப்படல் வேண்டும். பெருஞ்செலவை வேண்டாத இம்மாற்றங்களுக்கு வேண்டுவது, பாடலைப் போலவே பாடுபவரும் பேணப்படவேண்டியவர் என்ற எண்ணம் ஒன்றேயாகும்.