அளவுகோலின் சார்பு

அளவுகோல் எதுவும் நடுநிலையானதன்று. இலக்கியத் திறனாய்வில் நாம் நன்கறிந்த இவ்வுண்மை கணினித் துறைக்கும் பொருந்தும். 700 கோடி எண்களாலான மொழி மாதிரியொன்று, எண்ணொன்றுக்கு 16 பிட் வீதம் 14 கிகாபைற் நினைவகம் கோரும். 4 பிட்டாகச் சுருக்கின் 3.5 கிகாபைற் போதும். அலவத்துகொடவில் சாதாரண மடிக்கணினியுடன் கற்கும் மாணவருக்கு எட்டக்கூடியது இச்சுருக்கிய வடிவமே.

ஆயின், மாதிரியின் எல்லா அடுக்குகளும் சுருக்கத்தை ஒரே வகையில் தாங்குவதில்லை. 2019இல் பேர்க்லி ஆய்வாளர் முன்வைத்த ‘ஹோக்’ முறை, எண்களைச் சிறிது மாற்றும்போது பிழை எவ்வளவு விரைந்து பெருகுகின்றது என்பதை அடுக்குதோறும் அளந்து, நுண்ணுணர்வு மிக்கவற்றுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கியது. யாவற்றையும் ஒருசேர வெட்டுவதினும் இது மேலானதே.

எனினும், அவ்வளவீடு எம்மொழித் தரவைக் கொண்டு நிகழ்கின்றது? ஆங்கிலத்தை மட்டும் கொண்டு அளப்பின், தமிழுக்கு இன்றியமையாத அடுக்கு நுண்ணுணர்வற்றதெனக் கணிக்கப்படலாம். இலத்தீன் அல்லாத எழுத்துடைய மொழிகளே சுருக்கத்தால் கூடுதலாகப் பாதிப்புறுகின்றன என்பதையும், தானியங்கி மதிப்பீடுகள் அப்பாதிப்பைக் குறைத்துக் காட்டுகின்றன என்பதையும் 2024இல் வெளிவந்த மார்கிசியோ முதலியோரின் ஆய்வு புலப்படுத்தியது.

வசதி குறைந்தோர் கைக்கு வருவது சுருக்கிய வடிவம். அதிலே தேய்வது அவர்தம் மொழி. ஆதலின், தமிழ்த் தரவு கொண்டும் அளக்குமாறு நாம் கோருவது வெறும் தொழில்நுட்பத் திருத்தமன்று. சமூக நீதிக் கோரிக்கையுமாகும்.