வின்ரார் உரிமச் சாவிக் கோப்பு: ஒரு மதிப்பீடு

விலைக்கு விற்கப்படும் மேசைக்கணினி மென்பொருள்கள், பயன்படுத்துபவர் உரிமம் பெற்றவர்தானா என்பதைப் பெரும்பாலும் மூன்று வழிகளில் அறிகின்றன: தொடரெண், இணையவழிப் பதிவு, உரிமச் சாவிக் கோப்பு. மூன்றாவது வழிக்கு, கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் வின்ரார் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

செயல்படும் முறை

வின்ராரை 40 நாள்கள் சோதித்துப் பார்க்கலாம். உரிமம் வாங்கியவருக்கு 'ரார்ரெக்.கீ' என்னும் சிறிய உரைக்கோப்பு வரும். அதில் வாங்கியவரின் பெயரும் உரிமத்தின் வகையும் இருக்கும். அவற்றின் கீழே எண்ணும் எழுத்தும் கலந்த சில வரிகள் இருக்கும். பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கோப்பு செல்லாது. இக்கோப்பை வின்ரார் சாளரத்தில் இழுத்துவிட்டால் உரிமம் பதிவாகிவிடும்.

நிறைகள்

இதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. கோப்பைப் பென்டிரைவில் படியெடுத்து வைத்துக்கொண்டால், கணினி பழுதாகி எல்லாவற்றையும் மீண்டும் நிறுவும்போதும் அதுவே பயன்படும். பொறியியல் மென்பொருள்களில் வழங்கும் ஃப்ளெக்ஸ்எல்எம் வகை உரிமக் கோப்புகள் பல, கணினியின் வலையமைப்பு அட்டை எண்ணோடு பிணைக்கப்பட்டவை. அட்டை மாறினால் புதுக் கோப்பு கேட்டுப் பெற வேண்டும். வின்ராரில் அந்தத் தொல்லை இல்லை.

குறைகள்

கோப்பின் பெயர் சிறிதும் மாறக்கூடாது. நோட்பேடில் திறந்து வேறிடத்தில் சேமித்தால் பெயரின் இறுதியில் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் இயல்பாகவே இந்தப் பின்னொட்டை மறைத்துவிடுவதால் பிழை கண்ணில் படாது. பயனருக்குரிய 'ஆப்டேட்டா' கோப்புறையில் உரிமம் வைக்கப்பட்டால், அதுவும் மறைந்திருக்கும் கோப்புறை; அதே கணினியின் மற்றொரு பயனருக்கு அவ்வுரிமம் எட்டாது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோப்பு கிடைக்காதபோது வின்ரார் அதைச் சொல்வதில்லை. 40 நாள்கள் கடந்ததும் உரிமம் வாங்கும்படி நினைவூட்டுகிறது. பணம் செலுத்தியவரும் செலுத்தாதவரும் அதற்கு ஒன்றாகிவிடுகின்றனர். கணினியில் பழக்கமில்லாதவர், தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணலாம். மறுபடியும் பணம் கட்டவும் கூடும்.

மதிப்பீடு

சாவியை வாங்கியவர் கையிலேயே கொடுப்பது நேர்மையான முறை. ஆனால் அது எந்த இடத்தில் வைக்கப்பட்டது, ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும் மென்பொருள் எளிய சொற்களில் தெரிவிக்க வேண்டும். அதுவரை, வந்த கோப்பைத் திறந்து பார்க்காமல் இரண்டு படிகள் எடுத்து வைப்பதே பயனருக்குப் பாதுகாப்பு.