மறைமுக ஆட்சியின் எச்சங்கள்: 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்திற்கு வெளியே நிலைக்களம் கொண்ட தமிழ் நாவல்களுள் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) தனித்த இடம் பெறுவது. 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து இளமையை அங்கேயே கழித்த ஆசிரியர், ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தை இதில் சித்திரிக்கிறார். இதனை ஓர் இளைஞனின் முதிர்ச்சியைக் கூறும் நாவலாகவோ இந்து முஸ்லிம் மோதலைக் கூறும் நாவலாகவோ வாசிப்பது வழக்கம். இவ்விரு வாசிப்பும் மூன்றாவது தரப்பாகிய ஆங்கிலப் பேரரசுக்குப் போதிய இடம் தருவதில்லை. அத்தரப்பை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

துணைப்படையும் நகரமும்

1798இல் நிசாம் அலிகான் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணைப்படைத் திட்டத்தை ஏற்றார். அப்படையின் செலவுக்காக 1800இல் கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகள் கம்பெனிக்குச் சென்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. 1853இல் படைச்செலவுக் கடனை முன்னிட்டுப் பேரார் கைமாறியது. நிசாமைக் காக்க வந்த படையே நிசாமின் நிலத்தைக் கரைத்தது. அப்படை தங்கிய பாளையமே மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று.

நாவலின் தலைமை மாந்தனாகிய சந்திரசேகரன் வாழும் இடம் லான்சர் பாரக்ஸ். ஈட்டிக் குதிரைப்படையின் பெயர் தாங்கிய அவ்விடம் இப்போது இரயில்வே ஊழியர் குடியிருப்பு. அங்கே தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகின்றனர். ஆங்கில அதிகாரி எவரும் முன்னிற்க வேண்டிய தேவை கதைக்கு இல்லை. குடியிருக்கும் வீடு, தந்தையின் வேலை, மாலைநேர ஆட்டம் ஆகிய மூன்றிலும் பேரரசு கலந்திருக்கிறது. நேரடி ஆட்சியை எதிர்த்தோர்க்கு எதிரி கண்முன் நின்றான். மறைமுக ஆட்சியிலோ அண்டை வீட்டானே எதிரியாகத் தோன்றும் நிலை எளிதில் உருவாகியது எனலாம்.

விலகலும் வன்முறையும்

1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டம் சமஸ்தானங்களின் மீதான ஆங்கில முடியின் மேலாதிக்க உரிமையை முடித்துவைத்தது. ஒன்றரை நூற்றாண்டு ஒரு மன்னரைத் தாங்கிநின்ற வல்லரசு, அவருக்கும் அவர்தம் குடிகளுக்கும் இடையே எந்த அரசியல் ஏற்பாட்டையும் செய்யாமல் விலகிக்கொண்டது. அவ்வெற்றிடத்தில் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் வலுப்பெற்றனர். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. அதன்பின் முஸ்லிம்கள்மீது வன்முறை மூண்டது. நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, இறந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. அரசு கோப்பில் அடைத்துவைத்த உண்மையின் ஒரு துளியை 1977இலேயே இந்நாவல் வாசகர்முன் வைத்தது.

நாவலின் இறுதியில் சந்திரசேகரன் கலவர இரவில் ஒரு முஸ்லிம் வீட்டிற்குள் செல்ல நேர்கிறது. தன் குடும்பத்தைக் காக்க வேண்டி ஓர் இளம்பெண் ஆடை களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் வெட்கித்து ஓடுகிறான். அதுவரை ரஜாக்கர்களுக்கு அஞ்சியிருந்தவன், தானே பிறர் அஞ்சும் ஒருவனாகிவிட்டதை அந்நொடியில் உணர்கிறான்.

முடிவுரை

பின்காலனிய வாசிப்பு இங்கே ஓர் எச்சரிக்கையைப் பெறுகிறது. வன்முறைக்கான களத்தைப் பேரரசு அமைத்தது என்பது வரலாறு காட்டும் உண்மை. ஆயினும் பழி முழுவதையும் வெள்ளையர்மீது ஏற்றிவிட்டு அந்தப் பெண்ணின்முன் எவரும் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. பேரரசின் பொறுப்பைப் பேசுவதும் தம்மவர் பொறுப்பை மறவாதிருப்பதும் ஒருங்கே நிகழவேண்டும் என்பதே இந்நாவல் உணர்த்தும் அறம். 'வகுப்புக் கலவர நாவல்' என்னும் சுருக்கப் பெயர் இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது.