பேசின் பிரிட்ஜுக்கு எஸ்.இ.ஓ. எவ்வளவு தேவை?

"உங்க கடையை கூகுள்ல மொதப் பக்கத்துக்குக் கொண்டு வந்துடுறோம் சார்" என்ற போன் வராத சிறுதொழில்காரர் பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை இன்று அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். லேத் பட்டறை, ஏ.சி. சர்வீஸ், கன்டெய்னர் லாரி, வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை என எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். அதே வித்தையைக் கற்றுத் தருகிறோம் என்று வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகளிடம் கட்டணம் கேட்கும் வகுப்புகள் இன்னொரு பக்கம். இங்கே பணம் கட்டுகிறவர்கள் மாதச் செலவில் எதையாவது தள்ளிப்போட்டுத்தான் கட்டுகிறார்கள். அதனால் கீவேர்டு ஆராய்ச்சியும் எஸ்.இ.ஓ.வும் இந்த வட்டாரத்துக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை மழுப்பாமல் சொல்லியாக வேண்டும்.

வகுப்புகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. எடைபோடுவதற்கு முன் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மக்கள் தேடல் பெட்டியில் என்ன சொல்லைத் தட்டுகிறார்கள், எதை எதிர்பார்த்துத் தட்டுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கீவேர்டு ஆராய்ச்சி. அந்தத் தேடலுக்கு நம் பக்கம் மேலே வரும்படி தளத்தை அமைப்பது எஸ்.இ.ஓ. முன்னது நம் உழைப்புக்குக் கட்டுப்பட்டது. பின்னதின் முடிவு கூகுளின் கையில் இருக்கிறது.

பேசின் பிரிட்ஜ் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அதைத் தேடுகிறவர் யார்? சென்ட்ரலுக்குள் நுழைய சிக்னல் கிடைக்காமல் நிற்கும் ரயிலில் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கும் பயணியாக இருக்கலாம். புறநகர் ரயிலின் நேரம் பார்ப்பவராக இருக்கலாம். அங்குள்ள 120 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்தைப் பற்றிப் படிக்கும் மாணவராக இருக்கலாம். இவர்களில் ஒருவருக்கும் பக்கத்துத் தெரு வெல்டிங் கடை வேண்டாம். ஊர்ப் பெயருக்கு எத்தனை தேடல் வந்தாலும் அந்தக் கடைக்காரருக்கு அதனால் பயனில்லை. ஆனால் வண்டி நடுவழியில் நின்றுபோய், பங்சர் கடை எங்கே இருக்கிறது என்று தேடுகிற ஒருவர் கட்டாயம் காசு கொடுக்கப் போகிறவர். தேடலின் எண்ணிக்கையைவிடத் தேடுபவரின் நோக்கம்தான் முக்கியம் என்பது இந்தத் துறையின் முதல் பாடம். நல்ல ஆசிரியர் இதிலிருந்து தொடங்குவார். மற்றவர்கள் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள்.

கருவிகளின் நிலைமையையும் பார்த்துவிடலாம். கூகுளின் கீவேர்டு பிளானர் இலவசம். ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு அது சரியான எண்ணைக் காட்டுவதில்லை. மாதம் 100 முதல் 1,000 வரை என்பதுபோல ஓர் அகலமான வரம்பைக் காட்டும். அர்த்தம் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கட்டிவிடும். ஒரு பேட்டைக்குள் நடக்கும் தொழிலுக்கான தேடல்கள் குறைவு என்பதால் பல சொற்களுக்கு அது எதையுமே காட்டாது. எதையும் காட்டவில்லை என்பதற்கு ஆள் தேடவில்லை என்று பொருள் இல்லை. எஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற வெளிநாட்டுக் கருவிகளின் முழு வசதி வேண்டுமென்றால் மாதம் 100 டாலருக்கு மேல் ஆகிறது. அவையும் ஒரு தெருவின் தேடலைத் தெளிவாகக் காட்டிவிடப் போவதில்லை.

அப்படியானால் சொற்கள் எங்கே கிடைக்கும்? கடைக்கு வரும் போனில் கிடைக்கும். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறை நடத்துகிறவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். "ஒரு ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு, செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்கும் பக்கத்து மெக்கானிக் ஒருவர். பெரிய ஆலையின் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து 'சி.என்.சி. டர்னிங் ஜாப் ஒர்க் சென்னை' என்று தட்டுகிறவர் இன்னொருவர். முதலாமவர் தேட மாட்டார். தெரிந்தவரைக் கேட்டு நேரே வந்துவிடுவார். இரண்டாமவர்தான் தேடுவார், நாலு பட்டறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். வெளியூர் ஏஜென்சி எழுதித் தரும் தளத்தில் 'காண்ட்ராக்ட் மேனுஃபாக்சரிங் சொல்யூஷன்ஸ்' என்று இருக்கும். ஜாப் ஒர்க் என்ற சொல்லே இருக்காது. கார் பட்டறைகளிலும் இதே கதைதான். நம்மூரில் அடிவாங்கிய கதவைச் சரிசெய்வதற்குப் பெயர் டிங்கரிங். தளத்தில் எழுதியிருப்பதோ 'ஆட்டோ பாடி ரிப்பேர்'. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. பதினைந்து வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அது தெரியும். தனக்குத் தெரிந்ததற்கு மதிப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றி வகுப்புகளில் நிறையப் பேசுகிறார்கள். தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் அரசுக்கே குழப்பம் இருந்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். இருந்தாலும் தெரிந்த ஊர்களின் மாற்று எழுத்துக்கூட்டல்களைத் தேடுபொறி பெரும்பாலும் தானே புரிந்துகொள்கிறது. ஒரே பக்கத்தில் ஐந்து விதமாக எழுதி அடுக்கச் சொல்லும் பாடம் வீண். பக்கத்தின் பின்னணியில் கீவேர்டுகளைத் திணிக்கும் மெட்டா டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்னும் அதைப் பாடமாக வைத்திருக்கும் வகுப்பு எதுவானாலும் தயங்காமல் எழுந்து வந்துவிடலாம்.

கீவேர்டு என்பது எவ்வளவு பெரிய சொத்து, எவ்வளவு பலவீனமான சொத்து என்பதற்கு இந்த வட்டாரத்திலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் ராயபுரத்தில் வளர்ந்தவர். தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, பிறகு எம்.சி.ஏ. முடித்து அமெரிக்கா போனார். 1997இல் அங்கிருந்தபடி தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் மக்கள் அதிகம் பயன்படுத்தியது வரன் தேடும் பகுதியைத்தான் என்று கண்டு, அதையே தொழிலாக்கினார். மக்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று கவனித்து அதன் பின்னால் போனார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர்களும் அப்படியே அமைந்தன: தமிழ் மேட்ரிமோனி, தெலுங்கு மேட்ரிமோனி என்று தேடுபவர் தட்டும் சொல்லே நிறுவனத்தின் பெயர்.

பின்னால் சிக்கலைக் கொண்டுவந்ததும் அந்தப் பலம்தான். அந்தப் பெயர்களைத் தேடினால் பக்கத்தில் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் வந்தன. கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் அப்போது இயங்கிய அந்த நிறுவனம், கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. தங்கள் வணிகக் குறிகளை விளம்பரக் கீவேர்டாக விற்பது மட்டுமல்ல, கூகுளின் கீவேர்டு பரிந்துரைக் கருவியே அவற்றைப் போட்டியாளர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறது என்பதும் புகாரில் இருந்தது. இன்று வகுப்பில் முதல் நாள் திறந்து காட்டும் அதே வகைக் கருவி அன்று நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. 2010 செப்டம்பரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் விரிவான உத்தரவு பிறப்பித்தார். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. தமிழ், மேட்ரிமோனி போன்றவை பொதுச்சொற்கள். தொழிலை விவரிக்கும் சொற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று கேட்க முடியாது என்பது அந்த உத்தரவின் சாரம்.

நிறுவனம் அடுத்து இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. நுகர்வோர் அமைப்பான கட்ஸும் தனியாகப் புகார் கொடுத்திருந்தது. 2018 பிப்ரவரி 8 அன்று, தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சாதகமாக நடந்துகொண்டது உள்ளிட்டவற்றுக்காக ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டு உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்து எழுதினார்கள். ஆனால் கீவேர்டு விளம்பரம் பற்றிய பகுதியில் ஆணையம் தவறு காணவில்லை. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அகர்வால் பேக்கர்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் நடுவழி ஒன்றைக் காட்டியது: பிறரின் வணிகக் குறியைக் கீவேர்டாக வைப்பது தன்னளவில் மீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்பும்படி இருந்தால் மீறலாகும், அப்போது கூகுளும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த நீண்ட கதையிலிருந்து சிறு தொழில்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது. 'சென்னை கிரேன் வாடகை' என்று கடைக்குப் பெயர் வைத்தால் தேடலில் ஆரம்ப லாபம் உண்டு. ஆனால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. நாளை எதிர்த் தெருக்காரரும் அதையே வைத்து, அதன் மீதே விளம்பரமும் போடலாம். கோடிக்கணக்கில் வழக்குச் செலவு செய்யக்கூடிய நிறுவனத்தாலேயே தடுக்க முடியாததை ஒரு பட்டறையால் தடுக்க முடியாது. பெயர் தனித்துவமாக இருக்கட்டும். தொழிலைச் சொல்லும் சொற்கள் பக்கத்தின் உள்ளே இருக்கட்டும். இதை எந்த எஸ்.இ.ஓ. பாடத்திட்டத்திலும் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.

கூகுள் மேப்பில் கடையைப் போடுவதுதான் இந்த வட்டாரத்தில் உடனடிப் பலன் தரும் வேலை. அருகிலுள்ள கடைகளைக் காட்டுவதற்குப் பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு என்ற மூன்றைக் கணக்கில் எடுப்பதாகவும், அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்றும் கூகுளே சொல்கிறது. கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஏ.சி. சர்வீஸ் ராயபுரம் 24 ஹவர்ஸ்' என்று ஒட்ட வைப்பது அதன் விதிகளுக்கு எதிரானது, கணக்கு முடக்கப்படலாம். இருந்தும் ஏஜென்சிகள் முதலில் செய்வது இதைத்தான். சில வாரம் மேலே வரும், பணம் கைமாறும், பிறகு வரும் விளைவு கடைக்காரர் தலையில் விழும்.

எஸ்.இ.ஓ.வின் பெரிய குறை இதில்தான் இருக்கிறது. அது பிறர் நிலத்தில் போடும் பயிர். 2011இல் பாண்டா, 2012இல் பெங்குவின் என்று கூகுள் தன் கணக்கீட்டை மாற்றியபோது, ஒப்புக்கு எழுதிய பக்கங்களையும் காசுக்கு வாங்கிய இணைப்புகளையும் நம்பியிருந்த தளங்கள் சரிந்தன. சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த எளிய இணையதள வசதியை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் தளமே இல்லாமல் நின்றார்கள். அதே ஆண்டில் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் இந்தியாவிலும் வந்துவிட்டது. தகவல் கட்டுரை எழுதி ஆள் சேர்க்கும் பழைய வழி இதனால் குறுகுகிறது. முதலிடம் உறுதி என்று எவராலும் சொல்ல முடியாது என்பது கூகுளின் சொந்த வழிகாட்டியிலேயே இருக்கும்போது, அந்த உறுதியைச் சொல்லி வசூலிக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் ஏமாற்றுப் பணம்.

'எஸ்.இ.ஓ. செத்துப்போச்சு, இனிமே யூடியூபும் இன்ஸ்டாவும்தான்' என்ற எதிர்வாதமும் வலுவாக வருகிறது. பாதி சரி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கு வெளியூர்க்காரர்கள் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் அந்த வீடியோவின் தலைப்பில் ஹோல்சேல் என்று போடுவதா, சிங்கிள் பீஸும் கிடைக்கும் என்று போடுவதா என்பதும் தேடுசொல் கேள்விதான். தரவரிசை உத்திகளுக்கு வயதாகலாம். வாங்குபவரின் சொல்லைக் கேட்கும் பயிற்சி எந்தத் தளத்துக்கும் செல்லும்.

என் தீர்ப்பு இது. கீவேர்டு ஆராய்ச்சியை இங்குள்ள ஒவ்வொரு சிறுதொழில்காரரும் கற்க வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை: கூகுளின் தொடக்கநிலை வழிகாட்டி இலவசம், தேடல் போக்குகளைக் காட்டும் ட்ரெண்ட்ஸ் இலவசம், தளம் இருந்தால் எந்தெந்தச் சொல்லுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்று சொல்லும் சர்ச் கன்சோலும் இலவசம். எஸ்.இ.ஓ.வுக்குப் பணம் செலவழிக்கலாமா என்பது தொழிலைப் பொறுத்தது. ஜாப் ஒர்க் பட்டறை, கிரேன் வாடகை, ஏற்றுமதி, சரக்கு கிளியரிங் போன்று, முகம் தெரியாதவர் தேடி ஒப்பிட்டு ஆர்டர் கொடுக்கும் தொழில்களுக்குச் செலவு நியாயம். பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கும் காசிமேட்டு வியாபாரிக்கு எஸ்.இ.ஓ. தேவையே இல்லை. அவருடைய வியாபாரம் ஆள் பழக்கத்திலும் போனிலும் ஓடுகிறது. வேலைக்காகப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. தெரிந்த ஒரு பட்டறைக்கோ கடைக்கோ ஆறு மாதம் வேலை செய்து, அந்த சர்ச் கன்சோல் பதிவுகளைக் காட்ட முடிகிறவருக்கே இத்துறையில் மதிப்பு.

ஏஜென்சியிடம் பேசுகிறவர்கள் தரவரிசையைப் பற்றிக் கேட்பதற்கு முன், மேப் கணக்கும் இணைய முகவரியும் யார் பெயரில், யார் ஜிமெயிலில் இருக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏஜென்சியின் ஜிமெயிலில் இருந்தால், ஒப்பந்தம் முறியும் நாளில் ஐந்து வருடம் சேர்த்த ரிவ்யூக்களை ஆளும் சாவி அதனிடமே தங்கிவிடும். கடைக்காரர் தன் கடைக்கே உரிமை கோரி கூகுளிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாகும்.