கீழாநெல்லியும் காமாலையும்

தாராபுரத்தைச் சுற்றியுள்ள அமராவதிக் கரை ஊர்களில் மஞ்சள் காமாலை என்று வாய்திறந்தால், ஆஸ்பத்திரிக்கு முன்பாகப் பச்சிலை கொடுக்கும் ஒரு வீட்டுக்குத்தான் வழி சொல்லுவார்கள். விடியுமுன் வெறும் வயிற்றோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்தால், வேரோடு பிடுங்கிய கீழாநெல்லியை அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, மோரில் கரைத்துக் கொடுத்து, "உப்பு, எண்ணெய் தொட்றாதீங்க சாமி" என்று அங்குள்ள அம்மாள் சொல்லுகிற பரிவை, நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆனால் இம்மருந்தின் கியாதியில் பெரும்பகுதி நோயின் சுபாவத்தால் வந்தது என்பதே என் அபிப்பிராயம். அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தணிகிற சமயத்தில் கையில் எந்தத் தம்ளர் இருந்ததோ அதற்கே புகழ் போய்ச் சேருகிறது. இருந்தும், மூலிகையை மூடநம்பிக்கை என்று தள்ளவும் எனக்குத் துணிவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்தவரும் 1976-ல் நோபல் பரிசு பெற்றவருமான புளும்பெர்க்கும் பிறரும் சேர்ந்து 1988-ல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வின்படி, அக்கிருமியைத் தாங்கியவர்களில் முப்பது நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தாய்லாந்து முதலிய இடங்களில் பின்னர் நடந்த பரீட்சைகளிலோ அப்பலன் காணப்படவில்லை. முன்னதை மட்டும் சொல்லும் வைத்தியர்களும் பின்னதை மட்டும் சொல்லும் டாக்டர்களும் நம்மிடையே ஏராளம்.

இலையைவிட அபாயமானது, அதை நம்பிக் கழிக்கிற நாட்கள். மலம் சுண்ணாம்பாய் வெளுத்து உடம்பெங்கும் அரிப்பெடுத்தால், பித்த நாளம் கல்லாலோ கட்டியாலோ அடைபட்டிருக்கலாம். மோர் அதைத் திறக்காது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ கண்டால் சில நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. மணிக்கட்டில் சூடு போடுவதும் கண்ணில் சாறு பிழிவதும் சிகிச்சை என்ற பெயருக்கே அருகதையற்றவை. வார்டில் படுத்திருப்பவருக்குத் தூக்குப்போசியில் வரும் சாறு, "டாக்டருக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாருங்க" என்ற பயத்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிறதே, அந்தக் கள்ளத்தனத்தில் சத்தம் போடுகிறவருக்கும் பங்குண்டு. நோயாளியின் வயிற்றில் இன்னது போயிற்று என்று அறியாமல் டாக்டர் இரத்தப் பரிசோதனையை எப்படி வாசிப்பார்?

நான் பார்த்திருந்த ஒரு காலையில், அந்த அம்மாள் ஒரு விவசாயியின் கண்ணிமையைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்து, "வெளிக்குப் போறது வெளுப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டார். விவசாயி ஆமென்று தலையசைத்தார். அம்மியருகே போன கையை அம்மாள் இழுத்துக்கொண்டு, "இது எங்கைக்கு ஆகறதில்லீங்க, கோயமுத்தூர் பஸ்ஸைப் புடிங்க" என்று, அவர் வைத்த வெற்றிலை பாக்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.