விசிறிக்கும் வேண்டும் ஒரு கலிங்கு

அனல் மின் நிலையத்தில், நிலக்கரி மில்களுக்குக் காற்று தள்ளும் பி.ஏ. ஃபேன் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. சீராக இரைந்துகொண்டிருந்த விசிறி திடீரென அடிக்குரலில் உறுமும். தரை அதிரும். கண்ட்ரோல் ரூமில் காற்றழுத்தமும் ஆம்பியரும் சேர்ந்து இறங்கும். "ஃபேன் ஸ்டால் ஆயிடுச்சு" என்று ஒருவர் கத்துவார். பல நேரம் விசிறிமேல் குற்றமிருக்காது. நிலக்கரி மில் ஒன்று டிரிப் ஆகி, அதற்குப் போகும் காற்றுக் கதவு சாத்திக்கொண்டிருக்கும். வழி குறுகியது தெரியாமல் விசிறி பழைய கோணத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கும்.

காற்று வரத்து குறையக் குறைய, அது பிளேடில் வந்து மோதும் கோணம் கூடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் காற்று பிளேடின் முதுகில் ஒட்டாமல் பிரிந்துவிடும். இதுதான் ஸ்டால். வட்டத்தின் ஒரு பகுதியில் உண்டாகும் இந்த அடைப்பு, பிளேடுக்குப் பிளேடு தாவி, விசிறி சுழலும் திசையிலேயே அதைவிட மெதுவாகச் சுற்றி வரும். கடந்து போகும்போதெல்லாம் பிளேடுக்கு ஓர் அடி. அடி தொடர்ந்தால் உலோகம் களைத்து முறியும்.

பிளேடைத் திருத்துவதுதான் வழி என்று நினைத்திருந்தவர்களின் பார்வையை, பிளேடுகளைச் சுற்றியிருக்கும் கூட்டின் பக்கம் திருப்பியது ஒரு தற்செயல். 1960களில் அமெரிக்காவில் நாசாவுக்காக நடந்த விமான எஞ்சின் கம்ப்ரஸர் சோதனைகளில், கூட்டின் சுவரில் துளையிட்டுக் காற்றை உறிஞ்சியும் ஊதியும் பார்த்தார்கள். உறிஞ்சாமல், ஊதாமல், துளைகளைச் சும்மா விட்டபோதும் ஸ்டால் தள்ளிப்போனது! அதிலிருந்து கிளைத்ததுதான் கூட்டுச் சுவரில் பள்ளமும் பிளவும் வெட்டும் மரபு. சுற்றுவாட்டில் வெட்டிய பள்ளங்கள் ஸ்டாலிலிருந்து கொஞ்சம் இடைவெளி கொடுத்து, திறனில் கொஞ்சம் எடுக்கும். சாய்வான பிளவுகள் நிறையக் கொடுக்கும். திறனிலும் நன்றாகவே கை வைக்கும். ஸ்டால் சுவரோரம் தொடங்கினால்தான் இந்த வைத்தியம் பலிக்கும், பிளேடே ஸ்டால் ஆனால் பலிக்காது என்று ஆய்வாளர் கிரைட்சரும் கூட்டாளிகளும் 1979இல் காட்டினார்கள்.

தொழிற்சாலை விசிறிக்கு இன்னொரு மரபு உண்டு. இவானோவ் என்பவர் 1965இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை அதன் முக்கிய மைல்கல். பிளேடு நுனிக்குச் சற்று முன்னால் கூடு உள்ளிருந்து அகலமாகக் குடையப்பட்டு, சுற்றிலும் ஓர் அகழி போல இருக்கும். அகழிக்குள் வரிசையாக வளைந்த சிறு தகடுகள். ஸ்டால் நெருங்கும்போது நுனியிலிருந்து சுழன்றபடி பின்வாங்கும் காற்று அகழிக்குள் ஏறும். தகடுகள் அதன் சுழற்சியைக் கழித்து, நேராக்கி, மறுபடி பிளேடுக்கு முன்னால் விடும். ஏரிக்குக் கலிங்கு செய்கிற வேலைதான். கரை உடையும் முன் மிகை நீர் தனி வழியே இறங்குகிறது. சாதாரண நாளில் கலிங்கில் தண்ணீர் வராது.

1986இல் ஸ்வீடனின் கார்ல்சனும் ஹோல்ம்க்விஸ்டும் அகழியும் தகடுகளும் சேர்ந்த இதே வகை வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜப்பானில் மியாகே குழுவும் (1987), இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் அஸிமியான், எல்டர், மெக்கன்ஸி மூவரும் (1990) இதைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தார்கள். விமான எஞ்சினில் இவ்வளவு பெரிய அகழிக்கு இடமேது? தரையில் நிற்கும் விசிறிக்குக் கூடு கொஞ்சம் பருத்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. தொழிற்சாலைக்கு இந்த மரபே பொருத்தம்.

தர அளவுகோல்கள்தான் இன்னும் இதற்கு ஒத்துவரவில்லை. விசிறியை எப்படிச் சோதிப்பது என்று ஐ.எஸ்.ஓ. 5801 சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி குறைந்தபட்சத் திறனைக் கேட்கிறது. அந்தத் திறன் எண் ஸ்டாலிலிருந்து விசிறி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லாது. வளையத்தால் திறன் சற்றுக் குறைந்தால் அது அட்டவணையில் குறையாகவே பதிவாகும். காற்றின் அளவுக்கு ஏற்ப அழுத்தத்தைக் காட்டும் வளைகோட்டில், ஸ்டால் இருக்கும் இடது பக்கத்தைப் பார்க்காமல் வாங்குகிறவர் பாதி விசிறியைத்தான் பார்த்திருக்கிறார்.

இந்த வளையம் தேவைப்படும் இன்னோர் இடம் மெட்ரோ சுரங்கம். அங்கே ரயில் தன் முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த அழுத்த அலை ஒவ்வொரு முறையும் சுரங்கத்துக் காற்றோட்ட விசிறியை ஸ்டால் பக்கம் நெருக்கும். தீ விபத்தின்போது புகையை எந்தப் பக்கமும் தள்ள, அதே விசிறி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். அப்போது முன்பக்கம் பின்பக்கமாகிவிடுவதால், வளையத்தை இரண்டு பக்கமும் பொருத்த வேண்டியிருக்கிறது.