எதைப் போட்டாலும் பூவாகும் குழல்

மலையகப் பாடசாலைகளில் கலைடாஸ்கோப் என்பது விஞ்ஞானப் பாடத்துக்கான செய்முறைப் பொருள். படம் சட்டமிடும் கடையில் வெட்டி வாங்கிய மூன்று கண்ணாடிக் கீற்றுகள், அவற்றை முக்கோணமாகச் சேர்க்க டேப், ஒரு பிவிசி குழாய்த் துண்டு, நுனியில் எண்ணெய்த்தாள் ஒட்டிய சிறு அறை, அதற்குள் உடைந்த வளையல். ஒளித்தெறிப்பை விளக்கியதும் அதன் வேலை முடிந்துவிடும், அலுமாரிக்குள் போய்விடும். அதைச் செய்த பிள்ளை ஒரு சிற்பம் செய்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் இந்தக் கலையின் உள்ளே இருக்கும் ஒரு பெரிய குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்கொட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1816இல் இதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் பெற்றார். அது அவருக்குக் காசாகவில்லை. பார்த்தவர்களெல்லாம் செய்து விற்றார்கள். லண்டனிலும் பாரிஸிலும் மூன்றே மாதத்தில் 2 லட்சம் விற்றதாகச் சொல்வார்கள். புரூஸ்டர் இதை விளையாட்டுச் சாமானாக மட்டும் எண்ணவில்லை. கம்பளம் நெய்பவரும் அலங்கார வேலை செய்பவரும் இதிலிருந்து கோலங்களை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கையைத் தாண்டி இதைத் தனிப் பொருளாக உயர்த்தியவர் அமெரிக்காவின் சார்ள்ஸ் புஷ். 1870களில் அவர் செய்தவை மரத்தாங்கியில் நிற்பவை. அறைக்குள் கண்ணாடித் துண்டுகளோடு, திரவம் நிரப்பி மூடிய சிறு கண்ணாடிக் குமிழ்களையும் போட்டார். குமிழுக்குள் ஒரு காற்றுக் கொப்புளம். அறையைச் சுழற்றிய கை நின்றுவிடும், துண்டுகளும் விழுந்து அடங்கிவிடும், கொப்புளம் மட்டும் திரவத்தில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும். கை நின்ற பிறகும் உருவம் நிற்காத அந்தச் சில நொடிகளில்தான் விளையாட்டுப் பொருள் கலைப்பொருளாக மாறுகிறது என்பேன்.

பிறகு நெடுங்காலம் இது அட்டைக் குழலாகவே கிடந்தது. மகனை விபத்தில் பறிகொடுத்த துயரில் கலைடாஸ்கோப்பைக் கையிலெடுத்த கோஸி பேக்கர் 1985இல் ஒரு கண்காட்சி நடத்தினார், 1986இல் புரூஸ்டர் பெயரில் சங்கம் அமைத்தார். மரம் கடைபவர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் அதன்பின் இன்னும் அதிகமாக இதற்குள் வந்தார்கள். ஜப்பானின் கியோத்தோவில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கைத்திறன் என்ற அளவில் இதில் ஏமாற்ற முடியாது. இரண்டு கண்ணாடிகள் 60 பாகையில் நின்றால் வட்டம் ஆறு பங்காகும். 45 என்றால் எட்டு, 36 என்றால் பத்து, 30 என்றால் பன்னிரண்டு. கோணம் சற்றுப் பிசகினாலும் ஓர் இதழ் மட்டும் ஒடிந்து தெரியும். சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருப்பதால் கண்ணாடியின் மேற்பரப்பும் தன் பங்குக்கு ஒரு மங்கலான பிம்பத்தைத் தருகிறது. ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் பூசிய கண்ணாடியில் அந்தக் குறை இல்லை, ஆனால் விலை அதிகம், விரல் பட்டாலே தடம் விழும். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரக்காற்று குழலுக்குள் புகுந்து படியும். நாள் செல்லச்செல்லப் பூச்சு ஓரத்திலிருந்து கறுக்கும். பனி மூடிய நாளில் பின்னால் வெளிச்சம் இல்லாமல் நிறமும் எழும்பாது. வெயில் நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் இங்கே சரிவராது. குழலை இறுக மூட வேண்டும், அறையின் அடியை அகலமாக்கி ஒளியை வாங்க வேண்டும். இந்த மலைக்கென்று ஒரு வடிவம் பிறக்க அதுவே காரணமாகலாம்.

இனி குறைக்கு வருவோம். இந்தக் குழலுக்குள் எதைப் போட்டாலும் அழகாகிவிடும். வளையல் துண்டு, மருந்து உறை, குப்பையில் கிடந்த பிளாஸ்டிக், எல்லாமே பூ. வாசலில் கோலம் போடுகிறவள் ஒவ்வொரு வளைவையும் தானே தீர்மானிக்கிறாள்; ஒரு புள்ளி தவறினால் கோலம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கலைடாஸ்கோப்பில் அந்தத் தீர்மானத்தைக் கண்ணாடி எடுத்துக்கொள்கிறது. பல படைப்புகள் வெளியே பித்தளையும் வண்ணக் கண்ணாடியுமாக ஜொலித்து, உள்ளே ஒன்றுபோலவே பூப்பதற்குக் காரணம் இதுதான். உடலுக்கும் உள்ளே தெரிவதற்கும் உறவில்லாத சிற்பம் வெறும் உறைதான்.

மலையகத்தில் இந்தக் குறை இன்னும் கனமானது. வரிசை பிசகாத தேயிலை நிரை, கொழுந்துக் கூடை, சிரித்த முகம் என்று இம்மலைகளை அழகாக்கியே பார்த்துப் பழகிய கமராக்கள் எத்தனையோ! ஒழுங்கான அழகு எதை மறைக்கும் என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதே ஒழுங்கை நாமும் ஒரு குழலுக்குள் செய்து வைப்பதில் என்ன புதுமை?

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும் என்பதை இன்னொரு குறையாகப் பலர் சொல்வார்கள். பலர் சேர்ந்து பார்க்கும் கண்ணாடிகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஸ்ரீரங்கம் கோயிலின் கண்ணாடி அறையில் ஒரே நேரத்தில் பலர் நின்று பெருமாளின் பல உருவங்களைச் சேவிக்கிறார்கள். நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் டிரெம்பரில் ஒரு தானியக் களஞ்சியத்தையே கலைடாஸ்கோப்பாக்கியிருக்கிறார்கள். என்றாலும் ஒரு கண்ணுக்கு மட்டும் கிடைக்கும் காட்சியை நான் குறையாக எண்ணவில்லை. அடுத்தடுத்து அறைகள் ஒட்டிய லயத்து வாழ்வில், ஒரு பிள்ளைக்குத் தனியாகப் பார்க்க ஒன்று கிடைப்பது சின்ன விடயமல்ல.

பெரிய குறைக்கு ஒரு பரிகாரம் உண்டு: நுனி அறையைத் திறந்து பார்க்கும்படி செய்வது. அதற்குள் தேயிலைக் குச்சியைப் போடலாம். ஒளி ஊடுருவாததால் அது கரிய கோடாகவே நிற்கும், வளையலின் நிறம் அதைச் சுற்றித்தான் திரும்பும். அம்மாவின் சம்பளத்துண்டை ஒளிபுகும் தாளில் நகலெடுத்துக் கத்தரித்தும் போடலாம். குழலில் பார்த்தால் இலக்கங்கள் இதழ்களாகும். அறையைத் திறந்தால் பிடித்தம் போக மிஞ்சிய தொகை இருக்கும். இரண்டையும் காட்டும் குழலைச் சிற்பம் என்று தயங்காமல் சொல்வேன். பூவை மட்டும் காட்டுவது நல்ல கைவேலை, அவ்வளவுதான்.

மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி இதைத் தொடங்க ஏற்ற இடம். விஞ்ஞானம் கற்பிப்பவரும் சித்திரம் கற்பிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தவணை இதைச் செய்து பார்க்கட்டும். ஆசிரியர்களே, கோணத்தை நீங்கள் திருத்துங்கள்; அறைக்குள் என்ன போடுவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.